பெயரறியாப் பெண்கள் மகாசபை

பழைய காலத்துப் பெண்களின் ஓவியங்களைச் சேகரிப்போர் மகாசபையில் சேர ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகப் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் இதில் முயன்று மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் அதற்குள் எப்படிப் போனார், போய் எப்படித் தலைகுனிந்து நின்றார் என்பதுதான் இந்தக் கதை.

மகாசபையின் சட்டம் இது. எண்ணெய் வண்ணமோ, பேஸ்டல் என்கிற வண்ணக்கட்டியோ, எதில் வரைந்திருந்தாலும் சரி, படத்தில் இருப்பவள் பெண்ணாக இருக்க வேண்டும். படம் நூறு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். முக்கியமாக, அவள் யார் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால் படத்தை அன்றைக்கே சுவரிலிருந்து இறக்கி, மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடு சாத்திவிடுவார்கள். புதிதாகப் படம் கொடுப்பவர் அதன் முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, "இவளை நான் அறியேன்" என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். இதற்கு அறியேன் உறுதிமொழி என்று பெயர். மூத்த உறுப்பினர்கள் சிலர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்து மேலே பேச முடியாமல் நின்றுவிடுவதும் உண்டு.

கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கடைச் சுவரில் ஒரு இடத்தில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. அதை மறைக்கப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு எண்ணெய் வண்ணப் படத்தை வாங்கிவந்து மாட்டியிருந்தார். மஞ்சள் உடுப்பு போட்ட ஒரு பெண், மடியில் புத்தகம். கண் சோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிக்க முடியாமல் போனால் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மகாசபையின் நிரந்தரத் தலைவர் கண் பரிசோதனைக்கு வந்தார். நிரந்தரம் என்பது அவர் தாமாகவே எடுத்துக்கொண்ட பட்டம். அவருக்கு எதிராகத் தேர்தலில் நிற்க நினைத்தவர்களுக்குத் தேர்தல் தேதியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்.

"இது யாரு?" என்றார் தலைவர், படத்தைக் காட்டி.

"தெரியலீங்க சார்."

"யாருகிட்டயும் கேட்டுப் பாக்கலையா?"

"யாருகிட்டப் போய்க் கேக்குறது? சுவத்துல ஈரம். மறைக்கணும்னு வாங்கினேன்."

"தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசைகூட வரலையா?"

"இல்லீங்க. கடை வேலையே சரியா இருக்கு."

தலைவரின் கண்கள் கலங்கின. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு சுத்தமான அறியாமையப் பார்த்து ரொம்ப நாளாச்சு சார். இது படிச்சு வர்றதில்ல. கூடவே பொறக்கணும்."

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அவரை இதுவரை யாரும் பிறவியிலிருந்து எடுத்துப் புகழ்ந்ததில்லை. பிறவியைப் பற்றிப் பேச்சு வந்தாலே பேச்சை மாற்றுகிறவர் அவர். அந்தக் காரணம் பின்னால் வரும்.

மகாசபை ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நடுக்கூடத்தின் இடதுபக்கம் எண்ணெய்ப் பிரிவு, வலதுபக்கம் பேஸ்டல் பிரிவு. இரண்டு பிரிவுக்காரர்களும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எண்ணெய்க்காரர்கள் பேஸ்டல்காரர்களைச் சுண்ணாம்புக் கோஷ்டி என்பார்கள். அவர்கள் இவர்களைச் சட்டிக் கோஷ்டி என்பார்கள். தேநீர்கூடத் தனித்தனிக் கெட்டிலில்தான்.

பேஸ்டல் பிரிவில் தும்மக் கூடாது. வண்ணக்கட்டி வெறும் தூள்தான், காகிதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஊதினால் போய்விடும். ஒருமுறை படத்தின் கண்ணாடியைக் கழற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது பொருளாளர் தும்மிவிட்டார். அந்தப் பெண்ணின் ஒரு புருவம் பாதி பறந்துபோனது. பொருளாளரை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது, அரைப் புருவம் என்பது அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் நாகரிகம் என்று நிபுணர் குழு கட்டுரையே வெளியிட்டிருந்தது. அப்புறம் அதே நாகரிகத்தில் இன்னும் இரண்டு படங்கள் கிடைத்தன. அந்த இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தவர் பொருளாளர்தான்.

நிபுணர் குழுவில் மூன்று பேர். ஒருவர் படத்தை மோந்து மட்டும் பார்ப்பார். ஒருவர் படத்தின் முதுகை மட்டும் பார்ப்பார். மூன்றாமவர் சந்தேகப்பட மட்டும் செய்வார். படத்தின் முகத்தைப் பார்ப்பது யார் பொறுப்பு என்பது இன்னும் முடிவாகவில்லை.

கண்ணாடிக்காரர் மஞ்சள் உடுப்புக்காரியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். முதுகு நிபுணர் திருப்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. பேரு மாதிரி இருக்கு."

"படிச்சுட்டீங்களா?" தலைவர் பதறிப்போனார்.

"இல்ல. பேரு மாதிரி தெரிஞ்சதும் கண்ண மூடிக்கிட்டேன்."

"படிக்காம அது பேருன்னு எப்படித் தெரியும்?" என்றார் சந்தேக நிபுணர்.

"படிச்சுப் பாத்தாத்தான தெரியும்?"

"படிச்சா படம் போச்சே" என்றார் தலைவர்.

இது மாலை வரைக்கும் நடந்தது. கடைசியில், பெயர் இருக்கலாம் என்ற ஐயம் இருக்கிற காரணத்தால், ஐயம் பெயருக்குச் சமானம் என்று தீர்மானம் போட்டு மஞ்சள் உடுப்புக்காரியை மாடிப்படிக்குக் கீழே அனுப்பினார்கள். கண்ணாடிக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. தலைவர் அவர் தோளில் தட்டினார்.

"கவலைப்படாதீங்க சார். ஆண்டு விழாவுக்குள்ள வேற ஒருத்திய கொண்டாங்க, அதுவரைக்கும் மாசக் கூட்டத்துக்கு வந்துட்டு இருங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

வேறு ஒருத்திக்கு எங்கே போவது? ஏலக் கடைகளில் விசாரித்தார், கேட்ட விலையில் அவருக்குத் தலை சுற்றியது. பேசாமல் விட்டுத் தொலைத்திருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். "நமக்கெதுக்குங்க இந்தப் பெரிய மனுஷங்க சகவாசம்? யாரோ பொம்பளைங்க படத்தப் பாத்துட்டு வர்றதுக்கு மாசம் ஒரு சட்டை வேற தைக்கிறீங்க" என்றாள். அவரால் விட முடியவில்லை. அங்கே எல்லோரும் அவரை சார் என்றார்கள். அவர் எந்த வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன செய்தார், அம்மா என்ன செய்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது அங்கே கொள்கை. ஊரில் அப்படிப்பட்ட இடம் அவருக்கு வேறு கிடைத்ததில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். அவருக்கு நினைவு தெரிவதற்கு முன்னாலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஓவியக் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் வரைவதற்கு உட்கார வேண்டிய ஆள் வரவில்லை. ஓவிய வாத்தியார் அம்மாவை உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாயிற்று. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள், அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்த உட்கார்ந்திருந்ததில் வந்ததுதான். வாத்தியார் தானே வரைந்த பேஸ்டல் படம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். அவள் அதை வீட்டு முன்னறையில் மாட்டினாள். பிள்ளையின் வகுப்பில் ஒருவனுடைய அண்ணன் அந்தக் கல்லூரியில் படித்தான். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முழுக்க இவனைப் படத்துக்காரி மகன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

ஆண்டு விழா நெருங்கிய ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் அலமாரியை நகர்த்தினார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தேடுற?"

"இந்தப் படத்த எடுத்துக்கவாம்மா? கண்ணாடி மாத்திட்டு, சட்டமும் புதுசா போட்டுட்டு வரேன்."

அம்மா எழுந்து வந்து, தன் துணியின் ஓரத்தால் படத்துத் தூசியைத் துடைத்தாள்.

"மாட்டப் போறியா?"

"ம்."

"எங்க மாட்டப் போற?"

"நல்ல இடமாப் பாத்து மாட்டலாம்."

"கூடத்துல வேண்டாம்டா. வர்றவங்க போறவங்க பார்வையில எதுக்கு? உள்ளயே எங்கயாவது மாட்டு, போதும்" என்றாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர அவள் முகம் கூடத்துச் சுவரைத்தான் பார்த்தது. அதைக் கண்ணாடிக்காரரும் கவனித்தார். கவனித்துவிட்டு, கவனிக்காதவர் மாதிரி படத்தைச் சுற்றிக் கட்டினார்.

நிபுணர் குழு படத்தை மேஜையில் கிடத்தியது. இளம்பெண். கழுத்தில் வெள்ளைப் பின்னல்துணி வைத்த பட்டை, வாத்தியார் படத்துக்காக அணிவித்தது. ஒரு கை தாடையைத் தாங்கியிருந்தது. இடது கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. கண்ணில் லேசாக நீர்.

முதுகு நிபுணர் திருப்பிப் பார்த்து, "சுத்தம்" என்றார். வாத்தியார் தன் பெயரையோ அவள் பெயரையோ எழுதவில்லை. மோப்ப நிபுணர் குனிந்து மூச்சை இழுத்தார்.

"இருநூறு வருஷத்துக்குக் கொறையாது. இந்த வாசனை அந்தக் காலத்து அரண்மனைகள்ல மட்டும்தான் இருந்துச்சு."

அது அந்துருண்டை வாசனை என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அம்மா வருஷா வருஷம் அலமாரியில் போடுவாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"கன்னத்தப் பாருங்க" என்றார் சந்தேக நிபுணர். அவர் சந்தேகப்படாமல் பேசியதே அதுதான் முதல் தடவை. "இது சாதாரண கன்னமில்ல. பொங்கிவர்ற அழுகைய உள்ளுக்குள்ளயே அடக்கி வச்சிருக்கா. பெரிய எடத்துப் பொண்ணு. போருக்குப் போனவன் திரும்பி வரல."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், இவ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

சொன்னபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அதோடு கூடவே, பெரிய எடத்துப் பொண்ணு என்ற வார்த்தை காதில் தேன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்து அவர் பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டார். அன்றைக்குத் துப்பவில்லை, தேநீர் குடித்தார்.

வீட்டில் அம்மா தினமும் கேட்டாள். "சட்டம் போட்டாச்சா?" என்பாள். "மரம் காயணும்னு சொல்றாங்கம்மா" என்பார். "எந்த மரம்டா இவ்வளவு நாள் காயுது?" என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், படம் ஒரு பெரிய சங்கத்தில் இருக்கிறது, சுவரில் மாட்டி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். திட்டுவாள் என்று நினைத்தார். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளக்கெல்லாம் போட்டா?"

"ஆமா."

"அட கடவுளே. பாக்குறவங்க என்ன சொல்றாங்க?"

"கன்னத்தப் பத்தித்தான் ரொம்பப் பேசுறாங்க."

அம்மா சிரித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள். "கடைவாய்ப் பல்லுடா! அன்னிக்கு உசிரு போச்சு. வலி தாங்கலன்னு கைய முட்டுக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். வாத்தியாரு, அப்படியே இரும்மா, அசையாத, நல்லா வருதுன்னாரு. பல்லப் புடுங்கப் போகணும்னு சொன்னாக்கூட விடல." சிரிப்பு அடங்கியதும் மருமகளைக் கூப்பிட்டாள். "ஏம்மா, நாமளும் ஒருநாள் போய்ப் பாக்கலாமா? என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"அங்க மாடி ஏறணும்மா. உனக்கு முட்டி வலி" என்றார் கண்ணாடிக்காரர். "பல்லு வலியோட நாள் முழுக்க உக்காந்தவ, ஒரு மாடி ஏறமாட்டேனா?" என்றாள் அம்மா. நாளைக்கு, அடுத்த வாரம், விழா முடியட்டும் என்று அவர் தள்ளிக்கொண்டே போனார். உறுதிமொழியைப் பற்றி மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

ஆண்டு விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. எண்ணெய்க்காரர்கள் இடதுபக்கம், பேஸ்டல்காரர்கள் வலதுபக்கம், பொதுமக்கள் நடுவில். தலைவர் மேடையேறினார்.

"நண்பர்களே! நம்மைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், ஏன் பெயர் தெரியாத பெண்களையே சேகரிக்கிறீர்கள் என்று. நான் அனுபவத்தில் சொல்கிறேன். பெயர் தெரிந்தால் ஒரு பெண் பேச ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு ஒரு வீடு வந்துவிடும். வீடு வந்தால் பேரன் வருவான். பேரன் வந்து, இது எங்கள் வீட்டுப் படம், உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்பான். அந்தக் கேள்வி கலைக்கு நல்லதா?"

"இல்லை!" என்றது கூட்டம். பொருளாளர் எல்லோரையும் விட உரக்கச் சொன்னார்.

"என் வீட்டுச் சுவர் முழுக்கப் பெண்கள். ஒருத்திகூட இதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி வீட்டில் இருந்தவரை எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. அவர் இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறார். போகும்போது அவருடைய படம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அதைச் சபைக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். துரதிர்ஷ்டவசமாக, அவர் யாரென்று எனக்குத் தெரிந்திருக்கிறது."

கூட்டம் அனுதாபத்தோடு உச்சுக் கொட்டியது.

அடுத்து கண்ணாடிக்காரரை அழைத்தார்கள். புதுச் சட்டையில் மேடையேறினார். படத்தை மூடியிருந்த துணி விலகியது. விளக்கு விழுந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். பொதுமக்கள் வரிசையில் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மனைவி; இருவரும் அவரிடம் சொல்லாமலே கிளம்பி வந்திருந்தார்கள். அம்மா தலைவாரி, இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்தி வந்திருந்தாள். இவர் பார்த்ததும் மடியிலிருந்து கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள், நான் இங்கே இருக்கிறேன் என்பது போல. தன்னை இப்போது மேடைக்குக் கூப்பிடுவான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கத் தோதாக இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள்.

"ம், சொல்லுங்க சார்" என்றார் தலைவர்.

அவர் நினைத்திருந்தால் அப்போது ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். எண்ணெய்க்காரர்களும் பேஸ்டல்காரர்களும் அவரையே பார்த்தார்கள். படத்துக்காரி மகன் என்று அவர்கள் வாயிலும் வந்துவிடுமோ என்று ஒரு நொடி நினைத்தார். அந்த ஒரு நொடியே போதுமானதாக இருந்தது.

"இவளை நான் அறியேன்."

அம்மாவின் கை மடியில் இறங்கியது. மனைவி வாய் பிளந்து அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

"இப்போது வழக்கப்படி பொதுமக்களைக் கேட்கிறோம்" என்றார் தலைவர். "இந்தப் பெண்ணை அறிந்தவர் எவராவது இருக்கிறீர்களா?"

இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் எழுந்ததில்லை. அம்மா எழுந்தாள். மருமகள் ஒரு கையைக் கொடுத்தாள். கூடத்தில் இரண்டு பிரிவும் ஒன்றாக மூச்சைப் பிடித்தது, இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று அவர் கண்கள் கெஞ்சின. சின்ன வயசில் முன்னறையில் நின்று கெஞ்சிய அதே பிள்ளைதான் புதுச் சட்டையில் நின்றது.

"தெரியாதுங்க" என்றாள் அம்மா. "யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு போல இருக்கு. நான் சும்மா, முட்டி மரத்துப்போச்சுன்னு எந்திரிச்சேன்."

கை தட்டல் கூரையைப் பிய்த்தது. தலைவர் மேடையிலிருந்தே கும்பிட்டார். "பார்த்தீர்களா நண்பர்களே! எவ்வளவு இயல்பாகச் சொன்னார்கள்! நாம் பயிற்சி எடுத்துச் சொல்வதை இந்த அம்மா போகிறபோக்கில் சொல்லிவிட்டார்கள். இவர்களைச் சபையின் கௌரவ உறுப்பினராக இப்போதே அறிவிக்கிறேன்!"

கண்ணாடிக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அது எங்கம்மா சார். படத்துல இருக்குறதும் எங்கம்மா, அங்க நிக்கிறதும் எங்கம்மா."

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வெட்கப்பட்டே பழகிப்போன நாக்கு, அதுபாட்டுக்கு மேலே போயிற்று.

"மன்னிச்சுக்குங்க சார். அப்போ எங்களுக்கு ரொம்பக் கஷ்டம். அப்பா இல்ல. வேற வழியில்லாமத்தான் போய் உக்காந்தாங்க. தெரிஞ்சு செஞ்சது இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க சார். அவங்க சார்பா நான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தன்னை வரைந்தபோது அசையாமல் உட்கார்ந்திருந்த மாதிரியே அசையாமல் நின்றாள்.

மேடையில் நிபுணர் குழு கூடி நின்று பேசியது. சந்தேக நிபுணர் முன்னால் வந்தார்.

"படத்துல இருக்குற பெண்ணுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சபை தீர்மானிச்சிருக்கு. அப்படின்னா அவங்க காலமாகியும் நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும். காலமானவங்க முன்வரிசையில நிக்க முடியாது. அதனால இவர் சொல்றது தப்பு."

"மேலும்," என்றார் முதுகு நிபுணர், "அந்தம்மாவே தெரியாதுன்னு சபையறியச் சொல்லியிருக்காங்க. கௌரவ உறுப்பினர் வார்த்தைய எப்படி மீற முடியும்?"

"சார், நான் அவங்க மகன் சார்!"

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் மோப்ப நிபுணர், ஒரு அடி முன்னால் வந்து. நல்லவேளை, தலைவர் அவரைத் தடுத்தார். தலைவரே அம்மாவிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரு உங்க மகன்னு சொல்றாரு. உங்களுக்கு இவரத் தெரியுமா?"

"அத்தை, வாங்க போகலாம்" என்றாள் மருமகள், அழுதபடி. அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அம்மாவின் குரலில் கோபம் இல்லை, கடைக்காரரிடம் விலை கேட்கிற குரல்தான்.

"எனக்கு ஒரு மகன் இருக்கான்ங்க. ராவும் பகலும் உக்காந்து அவனப் படிக்க வச்சேன். அவன் என்னைப் பத்தி நாலு பேருகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டான். இவரு யாருன்னு எனக்குத் தெரியலீங்க."

இரண்டு பிரிவும் எழுந்து நின்று கை தட்டியது. எண்ணெய்க்காரர் ஒருவர் பேஸ்டல்காரர் ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டதாகவும் பிறகு பேசிக்கொண்டார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். தலைவர் உருகிப்போய்க் கண்ணாடிக்காரரின் தோளை அணைத்தார்.

"என்ன ஒரு ஞானம் சார்! யாரு சார் அந்தம்மா, பேரு என்ன?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் சொன்னார். அம்மாவின் பெயரை அவர் வாயால் யாரிடமும் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோதுகூட முணுமுணுத்தவர். இப்போது முழுப் பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்னார். தலைவர் அலறி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவரைப் பார்த்துப் பொருளாளர் பொத்திக்கொண்டார், நிபுணர்கள் பொத்திக்கொண்டார்கள், கூடம் முழுக்கக் கைகள் காதுக்குப் போயின. உயர்ந்து நின்ற முழங்கைகளுக்கு நடுவே, அம்மா மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவர் மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. அவமானத்தில் குரல் உடைந்துவிட்டது. அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் ஒருத்திதான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.